பெயர் சொல்லிக் கூப்பிட்ட பொம்மை

அன்று காலை என் வீட்டுக்காரர் சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு எடுத்தார். விரல்கள் நெற்றிக்குப் போகவில்லை. கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கை அப்படியே இறங்கிவிட்டது. சட்டையெல்லாம் திருநீறு. நான் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்து, "என்னங்க, பச்சப்புள்ள மாதிரி பூசியிருக்கீக?" என்று சிரித்தேன்.

அவர் ஏதோ பதில் சொன்னார். அது எந்த மொழியிலும் சேராத சத்தமாக இருந்தது.

அவர் ஜீப் ஓட்டுகிறவர். போடியிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்புவார். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்குவார். அன்றும் ஜீப் வாசலில் நின்றது. பெண்கள் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை விழுந்திருந்தால் ஏதாவது ஒரு வளைவில் விழுந்திருக்கும். முருகன் அவரை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிட்டான். இன்றுவரை நான் அப்படித்தான் நம்புகிறேன்.

பக்கத்து வீட்டுக் காதரும் ஜீப்காரர்தான். என்னை அக்கா என்றும் அவரை மாமா என்றும் கூப்பிடுகிறவர். அவர்தான் தன் ஜீப்பில் எங்களைத் தேனிக்குக் கொண்டுபோனார். இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை மட்டும் தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். எப்போது ஆரம்பித்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அவருக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து, உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது). வலது கையும் காலும் போயின. கூடவே அஃபேசியா (நினைப்பதைச் சொல்ல வார்த்தை வராமல் போவது).

"அம்மா, நீங்க பேசறது அவருக்குப் புரியுது" என்றார் டாக்டர். "வார்த்தை உள்ள இருக்கு. வெளிய வர்ற பாதைதான் அடைச்சிருக்கு. விடாம பயிற்சி குடுத்தா கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கும். மொதச் சில மாசம்தான் ரொம்ப முக்கியம்."

மழைக்காலத்தில் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் அங்கிட்டும் இங்கிட்டும் நகராமல் நிற்கும். என் மனதில் அதுதான் வந்தது. மண்ணை அள்ளுகிற வேலை இனி என்னுடையது என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் நாட்கள் ஒன்றுபோலவே போயின. புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, வேட்டி மாற்றுவது, கூழாக்கி ஊட்டுவது. ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிற சோலியை விட்டுவிட்டேன். பச்சை குறைந்த காய், வெடித்த காய் என்று பார்க்காமலே பிரிக்கிற விரல்கள், ராத்திரியில் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருக்கும். இடுப்பு என்னுடையது மாதிரியே இல்லை. அழக்கூடத் தெம்பில்லை. விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்ள வாய் திறந்தால், வேண்டுதல் வராது. கொட்டாவி வரும். சாமி அதையும் கேட்டிருப்பார்.

பயிற்சி என்றால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மலைப்பாதையில் ஜீப் நிறைய ஆட்களை இறக்கி ஏற்றிய மனுசன், பெண்டாட்டி பிடித்துத் தூக்க, ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாமல் கிடப்பதைத் தாங்கவில்லை. நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன். அவர் தங்கை பாண்டியம்மாள் சின்னமனூரிலிருந்து வந்து திட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

வாரம் ஒருமுறை வருகிற தெரபிஸ்ட் பெண் ஒரு யோசனை சொன்னாள். "அக்கா, பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டு அப்பறம் பேச்ச ஆரம்பிங்க. பேரக் கேட்டா மூளை சட்டுனு திரும்பும்."

என்னால் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. கோவிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் மட்டும் சொல்வேன். பெயரைப் பாண்டியம்மாளோ வேறு யாரோ சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஆதார் அட்டையைத்தான் நீட்டினேன். சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று வளர்க்கப்பட்டவள். நன்றாக இருந்தபோதே சொல்லாததை, உயிர் ஊசலாடிய பிறகு எப்படிச் சொல்வது? "என்னங்க", "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில், வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு இரவலாகக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். உள்ளே ஒரு ரோபோ. குத்துவிளக்கு உயரம் இருக்கும். வெள்ளைத் தலை, திரும்புகிற கழுத்து, விளக்கு எரிகிற இரண்டு கண், நெற்றி நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கை கால் கிடையாது. எதிரில் இருப்பவரோடு பேசும், பயிற்சி சொல்லும். சரியாகச் செய்தால் கண் பச்சையாகும்.

"மதினி, இதுக்குச் சோறு தண்ணி வைக்கணுமா?" என்றாள் பாண்டியம்மாள்.

"கரண்ட் குடுத்தாப் போதுமாம்."

"அப்ப நம்மள விடச் செலவு கம்மிதான்."

அந்தப் பொம்மை கழுத்தைத் திருப்பி, அவர் பெயரைச் சொல்லி, கூடவே "அவர்களே" என்று சேர்த்துக் கூப்பிட்டது. "வணக்கம். இன்று நாம் சேர்ந்து பயிற்சி செய்யலாமா?"

சுவர்ப்பக்கம் படுத்திருந்தவர் திரும்பினார். அவருடைய அம்மா போன பிறகு, இந்த வீட்டுக்குள் ஒரு பெண் குரல் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல்.

அதற்குப் பிறகு நடந்ததை, இதே நிலையில் இருக்கிற வீடுகளுக்காகவே எழுதுகிறேன். நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது.

அவர் பயிற்சி செய்ய ஆரம்பித்தார். இடது கையால் வலது கையைக் கோத்துப் பிடித்து, நெஞ்சு உயரம்வரை தூக்க வேண்டும். நான் சொன்னால் அசையாதவர், அது சொன்னால் தூக்கினார். அது அலுத்துக்கொள்ளாது, உச்சுக்கொட்டாது, பாவம் பார்க்காது. ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கழுத்தைச் சாய்த்துக் காத்திருக்கும். நாங்களோ அவர் வாயைத் திறக்குமுன் "தண்ணியா? ஒண்ணுக்கா?" என்று நாங்களே பேசி முடித்துவிடுவோம்.

பனியனோடு கிடந்தவர், பயிற்சிக்கு முன்னால் ஆணியில் தொங்கும் சட்டையைக் காட்டினார். பொம்மைக்கு முன்னால் அரைகுறையாக உட்கார அவருக்குக் கூச்சம். சவரம் செய்யச் சொல்லித் தாடையைத் தடவிக் காட்டினார். காதர் எட்டிப்பார்த்துவிட்டு, "என்ன மாமா, பொண்ணு பாக்கவா கெளம்புறீக? அக்கா, உசாரா இரு, சக்களத்தி வீட்டுக்குள்ளயே வந்துட்டா" என்றார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஒருநாள் அது "நன்று" என்றது. அவரும் "நன்று" என்றார்.

நான் கையில் இருந்த கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் முருகனுக்குப் பால் வாங்கிக் கொடுத்தேன்.

"நன்று" பிறகு "மீண்டும்" ஆனது, "தயவுசெய்து" ஆனது. தண்ணீர் கொடுத்தால் "மிக்க நன்றி" என்றார். எங்கள் வீடுகளில் புருசன் பெண்டாட்டிக்குள் யார் நன்றி சொல்வார்கள்? வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்குக் கொடுப்பது போலத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

காதர்தான் அதையும் சிரிப்பாக்கினார். "மாமா, இனி வளைவுல லாரிக்காரன் ஏறி வந்தா எப்புடித் திட்டுவீக? தயவுசெய்து ஒதுங்குங்கள்னா?"

"மிக்க நன்றி" என்றார் அவர். வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

முன்பு என்னிடம் எப்படிப் பேசுவார்? "ஏய், சாவியக் கொண்டா." "வெரசா வாடி, ஆளுக காத்துக் கெடக்காக." அப்போது அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அந்த "ஏய்" வேண்டும் என்று காது கிடந்து தவித்தது.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "பேச்சு வந்திருச்சுல்லங்க?"

டாக்டர் யோசித்துத்தான் சொன்னார். "கேட்டதத் திருப்பிச் சொல்றது ஒரு படிம்மா. அவரா நெனச்சத அவராச் சொல்றது அடுத்த படி. சில பேரு மொதப் படியிலயே நின்னுருவாங்க. இவரு அடுத்ததுக்கு ஏறணும். நாளாக ஆகக் கஷ்டம்."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கால் நடக்காவிட்டால் போகட்டும். அவருடைய சொந்த வார்த்தை ஒன்று வர வேண்டும். பொம்மை சொல்லிக்கொடுக்காத ஒன்று.

ஆயுத பூசை வந்தது. ஓட்ட ஆள் இல்லாமல் நின்ற ஜீப்பைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். ஸ்பானர், ஜாக்கி, வீட்டு அரிவாள்மனை எல்லாம் சாமிக்கு முன்னால் வந்தன. பாண்டியம்மாள் பொம்மையையும் தூக்கிவந்து வைத்தாள்.

"எங்கண்ணனுக்குச் சோறு போடுறது இனி இதுதான். இதுக்கு வைக்காம ஸ்பானருக்கு வைக்கிறதா?" என்று சொல்லிச் சந்தனத்தைக் குழைத்தாள். நெற்றியில் இருந்த கறுப்புப் புள்ளியைப் பார்த்து, "எடத்தக்கூட அவுகளே குறிச்சு விட்டுருக்காக பாரு மதினி" என்று அதன்மேல் அழகாகப் பொட்டிட்டு, நடுவில் குங்குமமும் வைத்தாள். அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. பொம்மையும் பூமாலைக்குள் சும்மா இருந்தது.

மறுநாள் விஜயதசமி. புதுப் பாடம் தொடங்குகிற நாள். பொம்மையை ஸ்டூலில் வைத்து எழுப்பினோம். சாமிக்கு முன்னால் வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்?

அவர் நெஞ்சு உயரம் தூக்கினார். கண் பச்சையாகவில்லை. "கையை இன்னும் சற்று உயர்த்துங்கள்" என்றது. முகத்துக்குத் தூக்கினார். "இன்னும் சற்று." தலைக்கு மேலே தூக்கினார்.

"பாத்தியா மதினி, நல்ல நாளும் அதுவுமா அடுத்த பாடத்த ஆரம்பிச்சிருச்சு!" என்றாள் பாண்டியம்மாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல நாளில் தொடங்கியது நல்லதற்குத்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. அவர் முனகினார். நெற்றி வேர்த்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. பச்சை வருகிறதா என்று பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோள் வீங்கியது. தொட்டால் துடித்தார். தெரபிஸ்ட் பெண் வந்து தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பொம்மையைப் பார்த்தாள். நகத்தால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டினாள்.

"அக்கா, இதுதாங்க்கா அதோட கண்ணு."

நாங்கள் கண் என்று நினைத்த இரண்டும் வெறும் விளக்கு. அந்தப் புள்ளிதான் கேமரா. அத்தனை நாளும் அது அவரைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் சற்று, இன்னும் சற்று" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தேனியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தோள் மூட்டு இறங்கியிருந்தது (வாதம் வந்த பக்கம் தசை பலமில்லாததால், அதிகம் இழுத்தால் எலும்பு குழியிலிருந்து லேசாக நழுவும்). கைக்குத் துணியால் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள்.

"இவ்வளவு வலிச்சிருக்கே, ஏன் நிறுத்தல?" என்று டாக்டர் அவரிடமே கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அது நல்லா இருக்குன்னு சொல்றதுக்காகச் செஞ்சிருக்காரு. நமக்கும் அப்படித்தானே, ஒருத்தர் மெச்சணும்னா முடியாததையும் செய்வோம். மிஷினத் தப்புச் சொல்லி என்ன? பக்கத்துல ஒரு ஆளு அவரு முகத்தப் பாக்கணும்."

இதை எழுதும்போது பாண்டியம்மாளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கும்பிட்டுத்தான் வைத்தாள். உங்கள் வீட்டுக்கு இப்படி ஒன்று வந்தால் பொட்டு வையுங்கள். எங்கே வைப்பது என்று கேட்டு வையுங்கள்.

தோள் ஆறும்வரை பயிற்சி கூடாது என்று பொம்மையை எடுத்துக்கொண்டு போனார்கள். வேறொரு வீட்டில் அதற்காகக் காத்திருந்தார்களாம். பெட்டிக்குள் வைக்கும்போது அது அவர் பெயரைச் சொல்லி "மீண்டும் சந்திப்போம்" என்றது. அவர் இடது கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு எதுவும் இல்லை. "நன்று" இல்லை, "நன்றி" இல்லை. சட்டையைக் காட்டுவதில்லை. காலியான ஸ்டூலைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள் வலி குறைந்து, கை தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் தூக்கவில்லை. டாக்டர் சொன்ன முக்கியமான மாதங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. நான் அதுபோலவே "பயிற்சி செய்யலாமா" என்று நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

தெரபிஸ்ட் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"நான் மொதல்லயே சொன்னேன்லக்கா. பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

"அது சொல்லலாம். நான் எப்புடிச் சொல்லுவேன்?"

"அது சொன்னதுக்கு அவரு ஆயுசு கொறஞ்சா போச்சு?"

போனை வைத்துவிட்டு விளக்கேற்றினேன். முருகா, இவர் பேச்சு உன்னிடம் இருக்கிறது, ஆயுசும் உன்னிடம் இருக்கிறது, நான் ஒன்றைக் கேட்டு மற்றதைக் கெடுத்துவிடக் கூடாது என்று சொன்னேன். வெகுநேரம் நின்றேன். தெருவில் ஜீப்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போன சத்தம் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த முதுகு அந்தச் சத்தத்துக்கு லேசாக அசைந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவர் பெயரைச் சொன்னேன்.

நாக்கு பாதியில் நின்றது. மறுபடி முழுசாகச் சொன்னேன்.

அவர் படக்கென்று திரும்பினார். கண் இரண்டும் அகலமாக விரிந்திருந்தன. வாய் திறந்தது, மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. நான் உதவவில்லை. "தண்ணியா" என்று கேட்கவில்லை. பொம்மை காத்திருந்த மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். திரி கருகுகிற வாசம் வந்தது. நகரவில்லை.

"ஏய்…" என்றார். முகம் சிவந்திருந்தது. "என்னடி… பேரச்… சொல்ற?"

கோபமாகத்தான் கேட்டார். அவ்வளவு அழகான கோபத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று காதர் ஓடிவந்தார்.

"என்னக்கா? என்னாச்சு?"

"திட்டிட்டாரு" என்றேன்.

காதர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அல்லா! அப்ப மாமா வந்துட்டாரு" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் அவர் பெயரைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான். இங்கே எழுதக் கை வரவில்லை. ஜீப்பை இப்போது காதரின் தம்பி ஓட்டுகிறார். இவர் இனி மலையேற மாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை. கம்பு ஊன்றி வாசல்வரை வருகிறார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன; சில நாள் வருவதில்லை. அலுப்பும் எனக்குத் தீர்ந்தபாடில்லை.

ஆனால் காத்திருப்பது என் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. குடோன் வேலைக்கு மறுபடி போய்வருகிறேன். பக்கத்தில் இருக்கிறவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, கையில் காயோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னக்கா, பேயறஞ்ச மாதிரி பாக்கிற?" என்பாள். பதில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

காலையில் அவர் சாமிக்கு முன்னால் நிற்கிறார். நான் வலது உள்ளங்கையில் திருநீறு வைக்கிறேன். அந்தக் கை மெல்ல மேலே வருகிறது. நெஞ்சைத் தாண்டி, தாடைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வராது. அப்போது அவர் தலையைக் குனிந்து, நெற்றியைக் கைக்குக் கொண்டுவருகிறார். பாதி கன்னத்தில்தான் ஒட்டுகிறது. என்னைக் குடோனில் இறக்கிவிட வெளியே காதர் ஹாரன் அடித்துப் பார்க்கிறார். நாங்கள் அவசரப்படுவதில்லை.